பழைய குவிக்சில்வரை மேம்படுத்துவது எப்படி: என்ஜினுக்கு முன்னால் தராசு

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் ஏதாவது ஒரு கொட்டகையில் 1980களின் குவிக்சில்வர் எம்எக்ஸ் என்ற அல்ட்ராலைட், அதாவது ஒரே ஆள் பறக்கும் மிக இலகுவான விமானம் ஒன்று தூசி படிந்து கிடக்கும், யாராவது அதை மலிவாக வாங்கி டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார், இது இன்றைக்கும் நடக்கிற விஷயம்தான். அலுமினியக் குழாய், ஸ்டீல் கேபிள், டேக்ரான் துணி, பைலட்டின் முதுகுக்குப் பின்னால் சுற்றும் புரொப்பல்லர், அவ்வளவுதான் விமானம். பெட்டியில் கிட்டாக வந்ததை முதல் சொந்தக்காரர் தன் கராஜில் வைத்து போல்ட் முடுக்கிக் கட்டியிருப்பார். இப்போது வாங்கியவர் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: இதில் பெரிய என்ஜின் போடலாமா?

போடலாம். ஆனால் வரிசையில் அது நாலாவதோ ஐந்தாவதோ வர வேண்டிய வேலை. நீங்கள் செய்கிற எந்த மாற்றமும் எடையை மாற்றும், அந்த எடை எங்கே உட்கார்கிறது என்பதை மாற்றும், பறக்கும்போது எந்தக் குழாய் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதையும் மாற்றும். இந்த மூன்றையும் எண்ணாகக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது முழுவதும். குவிக்சில்வரை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகையில் நிறைய கட்டப்பட்டது அதுதான், ஆனால் கோல்ப், சிஜிஎஸ் ஹாக் போன்ற மற்றவற்றுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் சட்டம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஆனால் தாண்டிப் போக முடியாது. அமெரிக்காவில் 1982இல் வந்த பார்ட் 103 விதிப்படி, என்ஜின் வைத்த ஒரே இருக்கை விமானம் காலியாக 254 பவுண்டுக்கும் குறைவாக இருந்து, 5 கேலனுக்கு மேல் பெட்ரோல் பிடிக்காமல், முழுத் திறனில் நேர்மட்டமாகப் பறக்கும்போது 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகத்தைத் தாண்டாமல், என்ஜின் ஓயவிட்ட நிலையில் 24 நாட் அல்லது அதற்குக் குறைந்த வேகத்தில் ஸ்டால் (வேகம் போதாமல் இறக்கை விமானத்தைத் தூக்க முடியாமல் போவது) ஆனால், அதற்குப் பதிவு எண்ணும் வேண்டாம், பைலட் உரிமமும் வேண்டாம். மிதவைகளும் அவசர பாராசூட்டும் அந்த 254 பவுண்டுக் கணக்கில் சேராது. பாராசூட்டுக்கு எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், 24 பவுண்டு வரை கழித்துக்கொள்ள விடுகிறது.

மாற்றம் செய்கிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கொஞ்சம் பெரிய என்ஜின், எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர், பிரேக், முன்கண்ணாடி என்று ஒவ்வொன்றும் சில பவுண்டுதான், ஆனால் எல்லாம் சேர்ந்து 254ஐத் தாண்டிய நிமிடத்தில் அது சட்டப்படி அல்ட்ராலைட்டே இல்லை, பதிவு செய்யாத விமானம். ஒரு காலத்தில் இப்படி எடை கூடிப்போனவற்றைச் சோதனை வகை இலகு விளையாட்டு விமானமாக மாற்றிக்கொள்ள வழி இருந்தது, அந்தக் கதவு 2008 ஜனவரி 31ஆம் தேதியோடு மூடிவிட்டது. அதனால் இப்போதே தீர்மானியுங்கள்: 254க்குள் நிற்கப் போகிறீர்களா, இல்லை பதிவு எண் உள்ள சோதனை வகை விமானத்தை வாங்கி அதில் மாற்றம் செய்யப் போகிறீர்களா? இரண்டாவது வழியில் பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் எஃப்ஏஏவின் வட்டார அலுவலகத்துக்குத் தெரிவித்து, அந்த விமானத்தின் இயக்க நிபந்தனைகளில் எழுதியிருக்கிறபடி சோதனைப் பறத்தலையும் திரும்பச் செய்ய வேண்டும், பொதுவாகக் குறைந்தது 5 மணி நேரம். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: அங்கே இந்தச் சலுகை கிடையாது, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதி இல்லாமல் இதைத் தரையை விட்டுக் கிளப்பக் கூடாது.

தராசில் ஏற்றுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் விமானத்தை எடை போடுங்கள். பழைய சொந்தக்காரர் சொன்ன எடையையும் விளம்பரத் தாளில் அச்சான எடையையும் நம்பி ஒரு கணக்கும் போடாதீர்கள், இத்தனை வருடத்தில் யார் யார் என்னென்ன மாட்டினார்கள் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. மூன்று சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு தராசு, வீட்டில் ஆள் எடை பார்க்கிற டிஜிட்டல் தராசே போதும், ஆனால் எடை தெரிந்த ஒரு பொருளை வைத்து மூன்றும் ஒரே எண் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காற்று அடிக்காத, தளம் சமமாக உள்ள மூடிய இடம் வேண்டும். விமானம் பறக்கும் நிலையில் மட்டமாக நிற்க வேண்டும், எந்தக் குழாயில் ரசமட்டம் வைப்பது என்று கையேட்டில் இருக்கும்.

இரண்டு முறை எடை போடுங்கள், காலியாக ஒன்று, நீங்கள் ஹெல்மெட்டோடு இருக்கையில் உட்கார்ந்து டேங்கில் பெட்ரோலோடு ஒன்று. ஆள் ஏறாதபோது வால் தரையில் சாய்ந்துவிடுகிற விமானமாக இருந்தால் ஈர்ப்பு மையத்தை இந்த இரண்டாவது எடையில் கணக்கிடுவதுதான் சுலபம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து நூல்குண்டு கட்டித் தொங்கவிட்டுத் தரையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு சக்கர அச்சும் எத்தனை அங்குலம் என்று அளந்து, அந்தச் சக்கரத்தின் எடையால் பெருக்குங்கள், கோட்டுக்கு முன்னால் இருப்பது கழித்தல், பின்னால் இருப்பது கூட்டல். எல்லாவற்றையும் சேர்த்து மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கோட்டிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று கிடைத்துவிடும். கையேடு சொல்கிற எல்லைக்குள் அது இருக்க வேண்டும், அந்த எல்லையின் அகலம் பெரும்பாலும் சில அங்குலங்கள்தான்.

இதன் பயன் என்னவென்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 500 பவுண்டு மொத்த எடையுள்ள விமானத்தில், ஈர்ப்பு மையத்துக்கு 30 அங்குலம் பின்னால் 12 பவுண்டு ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டுகிறீர்கள். 12ஐ 30ஆல் பெருக்கினால் 360, அதைப் புதிய எடையான 512ஆல் வகுத்தால் 0.7 அங்குலம், மையம் அவ்வளவு பின்னால் போய்விட்டது. அந்த ஸ்டார்ட்டருக்கு வேண்டிய 8 பவுண்டு பேட்டரியை என்ஜினுக்குப் பக்கத்திலேயே வைக்காமல் மூக்குப் பக்கம் 50 அங்குலம் முன்னால் கொண்டுபோய்க் கட்டினால் 400 எதிர்ப்பக்கம் வருகிறது, போன முக்கால் அங்குலமும் திரும்பி வந்துவிடும். மையம் முன்னால் போனால் மூக்கு கனமாகி இறங்கும்போது எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) போதாமல் போகும், அது தொல்லைதான், ஆனால் பின்னால் போவது அதைவிட மோசம், ஸ்டால் ஆன விமானம் மூக்கைத் தாழ்த்தி மீண்டு வர மறுக்கலாம்.

எடை கூடுவதற்கென்றே தனியாக ஒரு விலை இருக்கிறது. மொத்த எடை 10 சதவீதம் ஏறினால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 5 சதவீதம் ஏறும். 4 ஜி, அதாவது தன் எடையைப் போல நாலு மடங்கு பாரம் தாங்கும் என்று வடிவமைத்த சட்டகம் அதே 10 சதவீதத்துக்கு 3.6 ஜி சுமாருக்கு இறங்கிவிடும். வெயில் நேரத்தில் ஒரு காற்றுச் சுழல் குலுக்கும்போது அந்த வித்தியாசத்தைத் தாங்குவது உங்கள் இறக்கைக் கேபிள்கள்தான்.

பழசைப் புதுப்பிப்பதே பெரிய மேம்பாடு

நாற்பது வருடம் ஆன குழாய்களில் புது என்ஜின் மாட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. முதல் குளிர்காலத்தை முழுக்க இந்தப் பகுதிக்கே ஒதுக்குங்கள், துணியைக் கழற்றி எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்தி வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள்.

கேபிளில் தொடங்கலாம். பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள், அறுந்த இழை எங்காவது இருந்தால் துணி மாட்டும். ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிள் முழுக்க மாற்ற வேண்டியதுதான், இந்த எடை வகை விமானத்தில் மிச்சம் பிடித்துப் பார்க்க இடமில்லை. முனையில் அழகுக்காகப் போட்ட பிளாஸ்டிக் உறைகளை வெட்டி எடுங்கள், ஈரம் தேங்கித் துருப்பிடிப்பது அதற்குள்தான், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. புதுக் கேபிள் செய்யும்போது முனையில் வளையத்துக்குள் திம்பிள் (கேபிள் மடங்கி நசுங்காமல் காக்கும் உலோக வளைவு) வைத்து, நிகோபிரஸ் ஸ்லீவ் (அழுத்திப் பிடிக்கும் உலோகக் குழல்) போட்டு, அதற்கென்றே உள்ள கருவியால் அழுத்தி, ஒவ்வொரு அழுத்தத்தையும் அதன் அளவுமானியில் நுழைத்துச் சரிபாருங்கள். ஹார்டுவேர் கடையில் விற்கிற யு வடிவக் கிளாம்பு விமானத்தின் பக்கமே வரக் கூடாது. 1/8 அங்குலம், 7க்கு 19 பின்னல் (7 புரி, ஒவ்வொன்றிலும் 19 இழை), ஸ்டெயின்லெஸ் என்றால் 1,760 பவுண்டு தாங்கும், அதே தடிமனில் துத்தநாகம் பூசியது 2,000 பவுண்டு. துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து போல்ட். விமான போல்ட் என்றால் ஏஎன் வகை, தலையில் நட்சத்திரம் அல்லது பெருக்கல் குறி இருக்கும், குறி இல்லாத எதையும் கழற்றி வீசுங்கள். நீளம் தேர்ந்தெடுக்கும்போது போல்ட்டின் வழுவழுப்பான பகுதிதான் குழாய்ச் சுவரில் உட்கார வேண்டும், மரை உட்கார்ந்தால் அது அரம் போல வேலை செய்து ஓட்டையை அகலப்படுத்திவிடும். நைலான் வைத்த நட்டைக் கையாலேயே திருகி உள்ளே கொண்டுபோக முடிந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். சுழலும் இடங்களில், அதாவது கட்டுப்பாட்டுக் கம்பி இணைகிற இடம், கீல், புல்லி, இங்கெல்லாம் நைலான் நட்டு போடவே கூடாது, பள்ளம் வெட்டிய நட்டும் காட்டர் பின்னும்தான். என்ஜின் சூட்டுக்கு அருகேயும் நைலான் வேண்டாம், அங்கே முழு உலோகப் பூட்டு நட்டு போடுங்கள். முடுக்கு விசை ஏஎன்3க்கு (3/16 அங்குலத் தடிமன்) 20 முதல் 25 அங்குல-பவுண்டு, ஏஎன்4க்கு (1/4 அங்குலம்) 50 முதல் 70, ஆனால் இது கெட்டியான உலோகத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற இடத்துக்கு. வெற்றுக் குழாயை ஊடுருவிப் போகிற போல்ட்டை அந்த அளவுக்கு முடுக்கினால் குழாய் நசுங்கும், அங்கே கையேடு சொல்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள், கைக்கணக்கு இந்தச் சின்ன போல்ட்டுகளில் எப்போதும் அதிகமாகத்தான் போகும்.

குழாய் பெரும்பாலும் 6061-டி6 அலுமினியம். வளைந்த குழாயை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். வெல்டிங் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு, சூடு பட்ட இடத்தில் டி6 பதம் போய் வலிமை வெகுவாக இறங்கிவிடும், அதனால் கூடாது. போல்ட் ஓட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வட்டம் நீள்வட்டமாகியிருக்கிறதா, விளிம்பிலிருந்து தலைமுடி போல விரிசல் கிளம்பியிருக்கிறதா என்று. இதில் இன்னொரு விதி, மிக முக்கியமானது: பாரம் தாங்குகிற குழாயில் புதிதாக ஓட்டை போடாதீர்கள். கேமரா, ரேடியோ, கோப்பை வைக்கும் வளையம் என்று எதை மாட்ட வேண்டுமானாலும் ரப்பர் வைத்த கிளாம்பு போதும். இறக்கைத் தண்டின் நடுவில் போட்ட ஒரு 3/16 அங்குல ஓட்டை அந்தத் தண்டு எங்கே முறிய வேண்டும் என்று குறித்துக் கொடுத்துவிடுகிறது.

துணியை வெயில்தான் தின்னும். பூச்சு இல்லாத டேக்ரான் பாய்களில், அதாவது இறக்கைத் துணிகளில், நிறம் வெளுப்பது முதல் அடையாளம், அப்புறம் தையல் நூல் இற்றுப்போகும், கடைசியில் துணியே கிழியும். மேல்பரப்பில் அதிகம் வெயில் பட்ட இடத்தில்தான் சோதனை செய்ய வேண்டும், கீழ்ப்பக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். பிரிட்டனில் மைக்ரோலைட் ஆய்வாளர்கள் ஒரு ஊசியைத் துணிக்குள் செருகிச் சுருள்வில் தராசால் இழுத்துப் பார்ப்பார்கள், பெட்ஸோமீட்டர் என்று பெயர், குறிப்பிட்ட இழுவைக்கு முன் ஓட்டை கிழிந்தால் அந்தத் துணி தேறாது. புதுப் பாய் விலை உறைக்கும்தான், ஆனால் ஒட்டுப்போட்டு இன்னொரு பருவம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மாற்றிய பிறகு விமானத்தைக் கூரைக்குக் கீழே வையுங்கள், வெளியில் நிறுத்தத்தான் வேண்டுமென்றால் உறையாவது போடுங்கள்.

இப்போது என்ஜின்

எம்எக்ஸில் ஆரம்பத்தில் வந்தது 30 குதிரைத்திறன் குயுனா 430, பிறகு ரோடாக்ஸ் 377, 447, 503 என்று 35, 40, கிட்டத்தட்ட 50 வரை போனது. இந்த ரோடாக்ஸ் மூன்றின் தயாரிப்பும் நின்றுவிட்டது, பழசைப் பிரித்துக் கட்டித்தான் ஓட்டுகிறார்கள். புதிதாக வேண்டுமென்றால் ஹிர்த், பொலினி, சிமோனினி என்று ஐரோப்பிய டூஸ்ட்ரோக்குகளின் பக்கம் பார்க்க வேண்டும்.

பெரிய என்ஜின் போட்டால் வேகம் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இந்த விமானம் முழுக்கக் கம்பியும் குழாயும் திறந்த இருக்கையும், காற்றுத் தடையைத் தள்ள வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. 40லிருந்து 50க்குப் போனால் திறன் கால் பங்கு கூடுகிறது, அதிகபட்ச வேகம் கூடுவது 8 சதவீதம் சுமார். மேலேறுவதில்தான் உண்மையான லாபம்: 550 பவுண்டு விமானத்துக்கு 10 குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைத்து அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் புரொப்பல்லர் வழியாக உந்துவிசையானால், நிமிடத்துக்கு 300 அடி சுமார் அதிகமாக ஏறும். கனமான பைலட், உயரமான ஊர், குட்டையான புல் ஓடுபாதை, இவற்றில் ஒன்று உங்களுடையது என்றால் அது நியாயமான காரணம். வேகத்துக்காக என்றால் செலவு வீண், அதோடு 55 நாட் எல்லையும் இருக்கிறது.

503 ஓட்டும்போது மணிக்கு ஏறத்தாழ 4 கேலன் குடிக்கும். 5 கேலன் டேங்கில் கையிருப்பைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு மணி நேரப் பறத்தலுக்கும் குறைவு, இதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

என்ஜின் இறக்கைக்கு அருகே உயரத்தில் இருப்பதால் உந்துவிசைக் கோடு ஈர்ப்பு மையத்துக்கு மேலே போகிறது. திறன் கொடுத்தால் மூக்கு கீழே போகும், திறன் போனால் மேலே தூக்கும். ஏறும்போது பெரிய என்ஜின் திடீரென்று நின்றால் மூக்கு தானாக மேலே எழும்பப் பார்க்கும், இவ்வளவு காற்றுத் தடையுள்ள விமானம் இரண்டொரு விநாடியில் வேகத்தை இழந்துவிடும், அதனால் ஸ்டிக்கை உடனே முன்னால் தள்ளும் பழக்கம் கையில் ஏறியிருக்க வேண்டும். என்ஜினை மாற்றிய பிறகு இந்தப் பயிற்சியை நல்ல உயரத்தில் திராட்டிலைக் குறைத்துக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

கியர்பாக்ஸும் புரொப்பல்லரும் என்ஜினோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டியவை. 60 அங்குலப் புரொப்பல்லரை, என்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஓட, 2.0 கியர் விகிதத்தில் (என்ஜின் 2 சுற்றுக்குப் புரொப்பல்லர் 1 சுற்று) ஓட்டினால் அதன் முனை விநாடிக்கு 259 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலி வேகத்தில் முக்கால் பங்கு, அலறும். அதையே 2.58க்கு மாற்றினால் 201 மீட்டருக்கு இறங்கும், சத்தமும் குறையும், அதே திறனில் உந்துவிசையும் கூடும், இன்னும் பெரிய விட்டத்துக்கும் இடம் கிடைக்கும். ஆனால் வால் குழாய்க்கும் புரொப்பல்லர் முனைக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்று என்ஜினை ரப்பர் மவுண்ட்டில் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். கனமான மூன்று இதழ் கலவைப்பொருள் புரொப்பல்லர் போட விரும்புகிறவர்கள் சுழல் நிலைமத்தை (சுழற்றவும் நிறுத்தவும் அது காட்டும் எதிர்ப்பின் அளவு) பாருங்கள், ரோடாக்ஸின் பி வகைக் கியர்பாக்ஸுக்கு எல்லை 3,000 கிலோ-சதுர செ.மீ., அதைத் தாண்டினால் பற்கள் தேய்ந்து போகும். சி வகை 6,000 வரை தாங்கும், ஆனால் எடை கூடுதல்.

என்னைக் கேட்டால் என்ஜினுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மேம்பாடு இரண்டு வெப்பமானிகள்தான், ஒன்று புகை வெளியேறும் குழாயில், ஒன்று ஸ்பார்க் பிளக் வாஷராக சிலிண்டர் தலையில், இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக. காற்றால் குளிரும் 503இல் புகை வெப்பம் 460 முதல் 580 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம், 650ஐத் தொடக் கூடாது, சிலிண்டர் தலை 250ஐத் தாண்டக் கூடாது. மற்ற என்ஜினுக்கு அதனதன் கையேட்டைப் பாருங்கள். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்வதற்கு முன் இந்த முட்கள்தான் பேசும், பைலட் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதழ்க் கோணத்தையும் கார்புரேட்டரையும் இந்த எண்களைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். கோணம் குறைந்தால் என்ஜினுக்குச் சுமை குறைந்து சுற்று ஏறும், நடுத் திராட்டிலில் புகை வெப்பமும் ஏறும். கோணம் கூடினால் புகை வெப்பம் இறங்கும், சிலிண்டர் தலை சூடாகும். தரையில் வாலை ஒரு மரத்தோடு கட்டிவைத்து முழுத் திராட்டில் கொடுத்தால் 6,200லிருந்து 6,400 வரை வரும்படி முதலில் வைத்து, பறக்கும்போது 6,500ஐ ஒட்டி நிற்கிறதா, 6,800ஐ ஒருபோதும் தாண்டவில்லையா என்று பாருங்கள். கோணமானியால் எல்லா இதழ்களும் ஒரே கோணம்தானா என்று சரிபார்க்காவிட்டால் வரும் அதிர்வு என்ஜின் மவுண்ட்டை விரிசல் விட வைக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றுவதை, குளிர் காலத்துக்கும் கோடைக்கும் நடுவில் யாரும் அவசியம் என்று நினைப்பதில்லை, நினைக்க வேண்டும். அடர்ந்த குளிர்க் காற்றில் அதே ஜெட் பெட்ரோல் குறைந்த கலவையைத்தான் தரும்.

பெட்ரோல் வழி

என்ஜின் நின்றுபோவதற்கு என்ஜின் காரணமாக இல்லாத நேரம் நிறைய. குழாய்கள், பல்ப் பிரைமர், வடிகட்டி, கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் எல்லாவற்றையும் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெட்டியாக்கும் அல்லது ஊதவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும், நாள்பட நின்றால் நீர் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் உட்காரும். எத்தனால் இல்லாதது கிடைத்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

துடிப்பு பம்பை (என்ஜினின் உள்ளழுத்தத் துடிப்பால் இயங்கும் பெட்ரோல் பம்ப்) என்ஜின் மேலேயே மாட்டினால் அதிர்வில் பெட்ரோல் நுரைக்கும், சட்டகத்தில் மாட்டுங்கள், ஆனால் கிராங்க் கேஸிலிருந்து வரும் துடிப்புக் குழாய் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கட்டும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெட்ரோலை நிறுத்தும் வால்வு ஒன்றைக் கை எட்டுகிற இடத்தில் வைத்து, மூடிய நிலையும் திறந்த நிலையும் கையால் தடவினாலே தெரியும்படி அமையுங்கள்.

கட்டுப்பாடு, பாராசூட், மற்றவை

பழைய எம்எக்ஸில் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் அசைத்தால் ரடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பரப்பு) திரும்பும், கால் பெடலில் இறக்கை ஸ்பாய்லர் (எழும்பி அந்தப் பக்க இறக்கையின் தூக்கலைக் குறைக்கும் தகடு). எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பரப்பு) வைத்த மூன்று அச்சு இறக்கைக்கு மாறுவது உண்மையிலேயே நல்ல மேம்பாடு, பக்கக் காற்றில் இறங்கும்போது அதன் அருமை தெரியும். ஆனால் அந்த மாதிரிக்கென்றே வடிவமைத்த கிட்டைத்தான் போட வேண்டும், சொந்தமாக எய்லரான் வெட்டி மாட்டுவது வேறு படிப்பு. மாற்றிய பிறகு கை, கால் இரண்டின் வேலையும் மாறிவிடுகிறது, பழைய எம்எக்ஸில் ஊறிய பைலட் மூன்று அச்சு தெரிந்த பயிற்சியாளரோடு இரண்டு இருக்கை விமானத்தில் பறந்துவிட்டுத்தான் இதில் ஏற வேண்டும். அசையும் பரப்புகளுக்குத் தாராளமாகப் பெயிண்ட் பூசாதீர்கள், கீலுக்குப் பின்னால் சேர்கிற எடை அந்தப் பரப்பு காற்றில் கட்டுக்கடங்காமல் படபடத்து அடிப்பதைக் கிளப்பும்.

கண்ணாடியும் மூக்குக் கூடும் குளிரிலிருந்து காக்கும், ஆனால் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் பக்கப் பரப்பு சேர்வதால் விமானம் நேராக நிற்க அதே வால் போதாமல் போகலாம், பெடலை விட்டால் மூக்கு அலைகிறதா என்று கவனியுங்கள். பிரேக் எடை குறைவு, புல்தரையில் பெரிதாகத் தேவைப்படாது, தார்ப்பாதையில் ஓட்டுகிறவர்கள் போடலாம்.

பாராசூட் வேறு எதையும் விட முன்னால் வர வேண்டிய செலவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ராக்கெட் இழுத்து விரிக்கிற வகையை பிஆர்எஸ் நிறுவனம் 1980களிலிருந்து செய்து வருகிறது. உங்கள் மொத்த எடைக்கும் உச்ச வேகத்துக்கும் ஏற்ற அளவை எடுங்கள், ராக்கெட்டுக்கும் துணிக்கும் தனித்தனியாகக் காலாவதி உண்டு, பழையதை வாங்கினால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். கயிறு விமானத்தின் முதன்மைச் சட்டகத்தில், ஈர்ப்பு மையத்துக்கு மேலாகப் பிடிக்க வேண்டும், ராக்கெட் போகும் திசையில் இறக்கைக் கேபிளோ புரொப்பல்லரோ குறுக்கிடக் கூடாது. புரொப்பல்லர் பின்னால் இருப்பதால் நேரம் இருந்தால் என்ஜின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கைப்பிடியை இழுக்க வேண்டும், அந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தரையில் ஒத்திகை பாருங்கள், ராக்கெட்டின் பாதுகாப்புப் பின் மாட்டியிருக்கும்போது.

பறந்து பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டு சேர்த்துச் செய்து ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. மறுபடி எடை போட்டு, மையம் கணக்கிட்டு, நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு போல்ட்டையும் அவர் கண்ணால் பார்க்கவையுங்கள், கட்டினவர் கண்ணுக்குத் தப்பியது புதியவர் கண்ணில் படும். வீட்டில் கட்டிய விமானங்களுக்கும் அல்ட்ராலைட்டுக்கும் என்றே எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 90-89 என்ற சோதனைக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் படித்துவிட்டு அதன் வரிசையிலேயே போங்கள்.

காற்றே இல்லாத காலை. ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இட எய்லரான் மேலே வருகிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள், கேபிளை மாற்றி மாட்டிய விமானம் கிளம்பிய கணத்தில் கவிழும். மெதுவாகத் தரையில் ஓட்டம், பிறகு வேகமான ஓட்டம், நடுநடுவே நிறுத்தி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தல். ஓடுபாதையில் சின்னச் சின்னத் தாவலாக எம்பிப் பார்ப்பது பாதுகாப்பானது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குறைந்த வேகம், குறைந்த உயரம், தீர்ந்துகொண்டிருக்கும் ஓடுபாதை மூன்றும் ஒன்றாகச் சேர்வது அங்கேதான். தயார் என்றால் முழுதாகக் கிளம்பி, ஓடுபாதைக்கு மேலேயே வட்டமிட்டு ஏறுங்கள், கீழே முதலுதவி தெரிந்த ஒருவர் தொலைபேசியோடு இருக்கட்டும். 1,500 அடிக்கு மேல் போன பிறகு ஸ்டால் வேகத்தைப் பாருங்கள், வேகமானி காட்டுவதை எதிரெதிர்த் திசைகளில் பறந்து ஜிபிஎஸ் சராசரியோடு ஒப்பிடுங்கள், வேகமானிக் குழாய் இருக்கிற இடத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்பது மாறியிருக்கலாம்.

முதல் பறத்தல் முடிந்ததும் புரொப்பல்லர் போல்ட், என்ஜின் மவுண்ட், சைலன்சர் ஸ்பிரிங் மூன்றையும் மறுபடி முடுக்கிப் பாருங்கள், பத்து மணி நேரம் ஆனதும் இன்னொரு முறை. மரப் புரொப்பல்லர் என்றால் இதோடு முடியாது, மழைக்காலத்தில் மரம் உப்பும், வறண்ட குளிர்காலத்தில் சுருங்கி போல்ட் தளரும், அதனால் ஒவ்வொரு பருவம் மாறும்போதும் டார்க் ரெஞ்சை எடுத்து அந்த ஆறு போல்ட்டையும் பார்த்து, தேதியோடும் முடுக்கு விசையோடும் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.